‘புக்ரா’ என்று சொல்லிச் சிரிக்கிறோமே!



நம் ஊர்களில் வலீமா விருந்தென்றால், சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்த மாத்திரத்தில் ஒரு கதை தொடங்கிவிடும். விடுமுறையில் வந்திருக்கும் சபுராளி தம் கஃபீலைப் பற்றிச் சொல்லும் கதை அது. புத்தம் புது லேண்ட் குரூஸரின் பின்னிருக்கையில் ஆட்டை ஏற்றிவந்த அரபி. கடைவாசலில் காரை நடுவீதியில் நிறுத்திக்கொண்டு, இறங்கச் சோம்பி, தேநீர் கைக்கு வரும்வரை ஹார்னை அழுத்திக்கொண்டேயிருந்த அரபி. வரிசையில் இருபது பேர் நிற்க, நேரே சென்று அதிகாரியின் கன்னத்தில் முத்தமிட்டு வேலையை முடித்துக்கொண்ட அரபி. கேட்பவர் சிரிப்பார். சொல்பவர் உற்சாகமடைந்து, குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, ‘யா ரஃபீக், தஆல்!’ என்று நடித்தும் காட்டுவார். பக்கத்துச் சஹனில் இருப்பவர்களும் காதைத் திருப்புவார்கள். முடிவில் யாரேனும் ஒரு மச்சான், ‘என்ன இருந்தாலும் காட்டரபி காட்டரபிதான்’ என்று தீர்ப்பு வழங்குவார்.

இக்கதைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஜித்தாவில் ஆறாண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இவற்றுள் பலவற்றைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பெயரைக் கேட்டுவிட்டு, ‘அன்த ஹிந்தீ? முஸ்லிம்? வல்லாஹ்?’ என்று வியந்து, சோதனைக்காக ஃபாத்திஹா ஓதச் சொன்னவர்கள் எனக்கும் வாய்த்தார்கள். தாடியும் தொப்பியுமாக நிற்கும் ஓர் ஆலிமிடம் ஃபாத்திஹா ஓதச் சொல்வது, பனையேறியிடம் மரம் ஏறத் தெரியுமா என்று கேட்பதற்கு ஒப்பானது. ஓதிக் காட்டியதும் அவர்களில் ஒருவர் என் நெற்றியில் முத்தமிட்டுப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைக் கையில் திணித்ததையும் சொல்லியாக வேண்டும். சினமும் சிரிப்பும் ஒன்றாக வரும் அத்தகைய கணங்கள் அயல்நாட்டு வாழ்வில் அன்றாடம் உண்டு. அவற்றைச் சொல்லிச் சிரிப்பது மனித இயல்பு. அதற்குத் தடைபோடுவது என் நோக்கமன்று.

ஆனால், இந்தச் சிரிப்பு ஒரு பழக்கமாகி, நம் கண்ணையும் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. நகைக்க வேண்டியதற்கும் நகைக்கக் கூடாததற்கும் இடையே இருந்த கோடு அழிந்துபோயிற்று.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் பகுதியில் ஒரு விருந்து. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், ரியாத் பக்கம் ஒரு வீட்டில் டிரைவராக இருப்பவர், தம் முதலாளி ஒவ்வொரு மாதமும் சம்பளம் கேட்கும்போது என்ன செய்வார் என்று நடித்துக் காட்டினார். ஐந்து விரல்களையும் ஒன்றாகக் குவித்து மேல்நோக்கிக் காட்டி, ‘ஷுவை ஷுவை, ஸப்ர்’ என்பாராம். மறுநாள் கேட்டால் ‘புக்ரா, இன்ஷா அல்லாஹ்’. அதற்கு மறுநாள், ‘இன்னும் விடியவில்லை, அதற்குள் புக்ரா வந்துவிட்டதா?’ என்பாராம். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எத்தனை மாதமாக இப்படி என்று நான் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே ‘அஞ்சு மாசம் ஹஜ்ரத்’ என்றார். அவருடைய மூத்த மகளின் நகை அடகுக் கடையில் இருந்ததும், விடுமுறைக்கு வருவதற்கான விமானச் சீட்டைக்கூடக் கடன் வாங்கியே எடுத்திருந்ததும் பின்னர்த்தான் எனக்குத் தெரியவந்தன.

ஐந்து மாத உழைப்பு அது. அதைக் கேட்ட முப்பது பேரில் ஒருவரும் ‘இது அநியாயம்’ என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை. ஏனெனில் அது அரபிக் கதை என்ற வகையில் வந்து விழுந்துவிட்டது. ஆடு ஏறிய காருக்கும் ஏறாத சம்பளத்துக்கும் ஒரே சிரிப்பு. சொன்னவருக்கும் அது வசதியாக இருந்தது; அழுதால் மானம் போகும், சிரித்துச் சொன்னால் போகாது. அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சிரித்த நம்மைத்தான் கேட்கிறேன்.

மார்க்கம் இதில் வகுத்திருக்கும் முறையைக் கவனியுங்கள். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரை எள்ளி நகையாடுவதைத் தடுக்கிறது. எள்ளப்படுபவர் எள்ளுபவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. அடுத்த வசனம் புறம்பேசுவதைத் தடுக்கிறது. இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் மக்தபிலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால், ஸூரத்துந் நிஸாவின் 148ஆம் வசனம் சொல்லும் விதிவிலக்கு நம் நினைவில் நிற்பதில்லை. தீய சொல்லைப் பகிரங்கமாக எழுப்புவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதி இழைக்கப்பட்டவனுக்கு மட்டும் அந்த அனுமதி உண்டு என்பது அதன் கருத்து. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைத் தொகுத்தபோது, அநீதிக்குள்ளானவன் அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவதையே முதலாவதாக வைத்தார்கள். தம் கணவர் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே நேரில் முறையிட்ட பெண்மணியை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. நியாயமான அளவுக்கு எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அப்பெண்மணியின் பெயர் ஹிந்த். பெயர்ப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆனால், வளைகுடாவில் ‘ஹிந்தீ’ என்று அழைக்கப்படும் நம் மக்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது.

ஆக, நகையாடுவது விலக்கப்பட்டது; முறையிடுவது அனுமதிக்கப்பட்டது. நாம் செய்வது என்ன? முறையிட வேண்டியதை விழுங்கிவிட்டு, நகையாடக் கூடாததை ஊர்கூட்டி நகையாடுகிறோம். மார்க்கச் சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது நம் சஹன் பேச்சு.

‘இன்ஷா அல்லாஹ்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நாளை இதைச் செய்வேன் என்று உறுதி கூறும்போது அல்லாஹ்வின் நாட்டத்தை இணைத்துச் சொல்லுமாறு ஸூரத்துல் கஹ்ஃபு (23, 24) கற்பிக்கிறது. செய்யும் உறுதி உள்ளவன் சொல்லவேண்டிய சொல் அது. செய்யும் எண்ணமே இல்லாதவன் அதைக் கேடயமாகப் பிடித்தால், தன் ஏய்ப்புக்கு அல்லாஹ்வின் திருப்பெயரைச் சாட்சிக்கு அழைத்தவனாகிறான். கஃபீல் அப்படிச் சொல்வது குற்றம்தான். ஆனால், அவரைக் கேலிசெய்வதற்காக அதே சொல்லை நாம் நகைச்சுவையாக்கி, ‘இன்ஷா அல்லாஹ் என்றால் நடக்காது என்று பொருள்’ என்று நம் பிள்ளைகளின் முன்னால் விளக்கவுரை எழுதுகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? என் மத்ரஸாவில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று, ‘நாளைக்குப் பாடம் ஒப்பிப்பாயா?’ என்று கேட்டதற்கு, ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தது. அதன் வாப்பா குவைத்தில் இருக்கிறார்.

அரபிகளின் பக்கமும் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. அவற்றைக் கேட்க நாம் அஞ்சத் தேவையில்லை. ‘என்னை ஹிந்தீ என்று நினைத்தாயா?’ என்று அவர்களிடையே ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. என்னை முட்டாளென்று எண்ணினாயா என்பது அதன் பொருள். இதைச் சொல்லும் நாவே இந்திய எஃகில் வடித்த வாளுக்கு ‘முஹன்னத்’ என்று பெயர் சூட்டிக் கொண்டாடியது. இன்றும் தம் ஆண்மக்களுக்கு அப்பெயரை இடுகிறார்கள். தாம் எழுதும் எண்களை ‘அல்அர்காமுல் ஹிந்திய்யா’ என்கிறார்கள். ரமளானில் நோன்பு திறக்கையில் அவர்கள் விரும்பிப் பருகும் புளிப்பானத்தின் பெயரும் ‘தமர் ஹிந்தீ’தான். வாளும் எண்ணும் புளியும் இந்தியாவிலிருந்து வந்தால் மதிப்பு. ஆள் வந்தால் மட்டும் இளக்காரம் என்றால் அது என்ன நியாயம்?

அதைவிட என்னை வருத்துவது ‘ரஃபீக்’ என்ற சொல். தோழன் என்று பொருள்படும் அழகிய சொல் அது. நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரியும் தறுவாயில் மிக உயர்ந்த தோழமையை நாடியபோது அவர்களுடைய திருவாயில் ஒலித்த சொல். இன்று அது, பெயர் கேட்கத் தேவையில்லாத கூலிக்காரனைக் கைதட்டிக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது. பேரப்பிள்ளை கண்ட மனிதரை, மீசை அரும்பாத சிறுவன் ‘யா வலத்’ என்று அழைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அரபிக்கு அரபியல்லாதவரைவிடச் சிறப்பில்லை, இறையச்சத்தாலன்றி என்று இறுதி ஹஜ்ஜின்போது அறிவிக்கப்பட்டது எந்த மண்ணிலோ, அந்த மண்ணின் மைந்தர்களிடம் இதை எடுத்துச் சொல்லும் உரிமை நமக்குண்டு. ஆனால், அவர்களைக் ‘காட்டரபி’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு அந்த உரிமை எஞ்சியிருக்குமா? அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, அவர்களிடம் இன்னும் அறியாமைக்காலத்தின் கூறு இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் முகத்துக்கு நேரே உரைத்தார்கள். அது அரபிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

இனி, சிலர் என் கையைப் பிடிப்பார்கள். ‘நபி பிறந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். ஹரமைன் இருக்கும் நாடு. அவர்களைப் பற்றிக் குறைபேசலாமா ஹஜ்ரத்?’ என்பார்கள். கேலிக்காரர்களைவிட இவர்கள் கூடுதலான கேட்டைச் செய்கிறார்கள் என்பேன். ஊதியம் தராதவனுக்கு ஊர்ப்பெருமை எந்த விலக்கையும் அளிப்பதில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழி முதன்முதலில் அந்த மண்ணில்தான் ஒலித்தது. வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டப்படியே தவறு. 2009இல் அமீரகமும் 2013இல் சவூதியும் ஊதியத்தை வங்கி வழியே செலுத்தும் கண்காணிப்பு முறையைத் தொடங்கின. கத்தர் 2020இல், வேலை மாறுவதற்கு முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியை நீக்கியது. சவூதி 2021 மார்ச் முதல் தனியார் துறைத் தொழிலாளர் சில நிபந்தனைகளுடன் முதலாளியின் இசைவின்றி வேலை மாற வழிவிட்டது. ஆனால், வீட்டு டிரைவர், வீட்டுப் பணியாளர், இடையர், தோட்டக்காரர் முதலியோர் அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நான் மேலே சொன்ன டிரைவர் எந்தப் பக்கம் நின்றார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அரசுகளே குறையை ஒப்புக்கொண்டு சட்டம் திருத்துகையில், நாம் இங்கிருந்து பக்திப் பரவசத்தால் அவர்களுக்கு வக்காலத்து வாங்குவது வேடிக்கை.

மொழிக்கு வருவோம். நகைப்புக்கும் நட்டத்துக்கும் பாதிக் காரணம் அதுதான். இருபது ஆண்டுகள் அரபு நாட்டில் வாழ்ந்தவர்களிடம் எத்தனை அரபுச் சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் இருநூறு தேறுவது கடினம். ‘அனா மாஃபி மஃலூம்’, ‘குல்லு ஸேம் ஸேம்’, ‘இன்த ரூஹ், அனா பஃதைன் ஈஜி’. இது அரபுமன்று, உருதுமன்று, ஆங்கிலமுமன்று. மூன்றும் மோதிக்கொண்ட விபத்து. இதில் பெரிய நகைச்சுவை யாதெனில், நம்மோடு பேசுவதற்காக அரபியும் தன் தாய்மொழியை வேண்டுமென்றே உடைத்து இப்படிப் பேசுகிறான். அதைக் கேட்டு, இதுதான் அரபு என்று நாம் மேலும் கற்றுக்கொள்கிறோம். நேராகப் போ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘சீதா’ நம் நாட்டு இந்திச் சொல் என்பதும் பலருக்குத் தெரியாது.

ஆலிம்களின் நிலை இதற்கு நேர்மாறானது. ஏழாண்டு நஹ்வு, ஸர்ஃபு படித்துவிட்டு, இறுதி உயிர்க்குறி வரை பிசகாமல் உச்சரித்து ரொட்டி கேட்டால், கடைக்காரர் வாயைப் பிளப்பார். ‘உரீது’ என்று நாம் தொடங்க, அவர் ‘ஏஷ் தப்கா?’ என்பார். தண்ணீருக்கு நூலில் ‘மாஉ’. ஜித்தா வீதியில் ‘மோயா’. இப்போது என்பதற்கு நூலில் ‘அல்ஆன’, வீதியில் ‘தஹீன்’. நான் பேசுவதைக் கேட்க ஒரு கடைக்காரரின் சிறுமகன் ஓடிவந்து நின்றான். தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் பாத்திரங்கள்தாம் இப்படித் தூய அரபு பேசுமாம்! ஒரு வாரம் அவனுக்கு நான் கார்ட்டூன் மாமா. ஆனால், இலக்கணம் கைவசம் இருந்ததால் இரண்டு மாதத்தில் வீதிமொழி வசப்பட்டது. வசப்பட்டதும் நிகழ்ந்த மாற்றம்தான் முக்கியமானது: ‘ரஃபீக்’ என்று அழைத்தவர்கள் ‘யா ஷைக்’ என்றார்கள், ‘புக்ரா’ என்றவர்கள் தேதி சொன்னார்கள். ஏய்ப்பவனுக்கு எதிரில் நிற்பவனின் ஊமைத்தனம் பெரிய முதலீடு.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரைமாதத்தில் கற்றுத் தேர்ந்ததாக அவர்களே அறிவிப்பதைத் திர்மிதீயில் காணலாம். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதற்குப் பிறரை நம்பியிருக்கக் கூடாது என்பதே அங்கே காரணம். நம் முன்னோரோ தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்றொரு எழுத்து மரபையே வளர்த்தவர்கள். அவர்களுடைய பேரன்மார் அரபியில் அச்சிட்ட ஒப்பந்தத்தின் அடியில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கையொப்பமிடுகிறார்கள். சவூதித் தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்தின் அரபுப் பிரதியே செல்லும். ஆங்கிலப் பிரதியில் வேறுவிதமாக இருந்தாலும் அரபுதான் நிற்கும். ஊரில் ஏஜென்ட் ஆங்கிலத் தாளில் 1,500 ரியால் என்று காட்டியிருப்பார். அரபுத் தாளில் 1,000 என்றிருந்தால் 1,000தான். அந்த எண்களோ ‘ஹிந்திய்யா’ எண்கள். அவற்றைக்கூட நாம் படிக்கக் கற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். அரபி நம்மை ‘ரஃபீக்’ என்கிறான் என்று மனம் நொந்து வந்து, இங்கே பிரியாணிக் கடை திறந்திருக்கும் சகோதரர்களைக் காண்கிறேன். அங்கே மேசை துடைக்கும் அஸ்ஸாம் பையனுக்கும் பீகார் பையனுக்கும் பெயர் இல்லை, எல்லாரும் ‘பையா’. அவன் பேசும் உடைந்த தமிழைப் பேசிக் காட்டிச் சிரிப்பதும் அங்கே வழக்கம். ‘வடக்கன்’ என்ற சொல்லில் ‘ஹிந்தீ’ என்ற சொல்லின் அதே வாடைதான் வீசுகிறது. அவர்களில் பலர் நம் பள்ளிவாசலில் நம் தோளோடு தோள் உரசித் தொழுகிறவர்கள். அவனிடமும் யாரேனும் பெயரைக் கேட்டு, ‘நீ முஸ்லிமா? அப்படியா?’ என்று வியந்துகொண்டுதான் இருக்கிறோம். அவனுடைய மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்குப் போகிறது என்று கடை முதலாளிகள் தத்தம் கணக்கேட்டைத் திறந்து பார்க்கட்டும். அவனும் விடுமுறையில் தன் ஊருக்குப் போய், ஏதேனும் ஒரு விருந்தில் நம்மைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருப்பான்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது சிறிய காரியம். பயணம் போகும் பிள்ளைகளைப் பெருந்துஆ ஓதி வழியனுப்புகிறோம், நன்று. விசா வந்ததிலிருந்து விமானம் ஏறும்வரை பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் கிடைக்கிறது. அந்த நாள்களில் இஷாவுக்குப்பின் முக்கால் மணி நேரம், பள்ளிவாசல் மாடியில் ஒரு வகுப்பு நடக்கட்டும். ஊரில் ஓர் ஆலிமும், திரும்பிவந்த மூத்த சபுராளி ஒருவரும் இருந்தால் போதும். நூல்மொழி அவருக்குத் தெரியும், வீதிமொழி இவருக்குத் தெரியும். பள்ளிவாசலில் வீதி அரபு கற்பிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள், அதே மாடியில் சந்தா பாக்கி பற்றி நடக்கும் விவாதங்களின் மொழியைச் சற்று நினைத்துக்கொள்ளட்டும். ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்ப்பது எப்படி, சம்பளம் நின்றால் 2015 முதல் இயங்கும் ‘மதத்’ தளத்தில் தூதரகத்துக்கு முறையீடு அனுப்புவது எப்படி என்பதையும் அங்கேயே காட்டிக் கொடுக்கலாம்.

சலாமுக்கும் நலவிசாரிப்புக்கும் பிறகு, முதல் நாள் பாடமாக நான் எழுதிப் போட விரும்பும் சொற்கள் இவை: அக்து (ஒப்பந்தம்), ராத்திப் (சம்பளம்), ஜவாஸ் (கடவுச்சீட்டு), இஜாஸா (விடுமுறை), ஷக்வா (முறையீடு). இவற்றோடு, சுழியத்திலிருந்து ஒன்பது வரையிலான பத்து எண்கள். ‘புக்ரா’வைப் பிள்ளைகள் அங்கே போய்த் தாமே கற்றுக்கொள்வார்கள்.